சாம்பிள் கூடு

2020 ஜூன் மாதம் காங்கேயம் பக்கத்திலுள்ள அம்மா வீட்டுக்கு நான் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தவை இரண்டு சூட்கேஸ், ஒரு தையல் மெஷின், ஒன்பது வருடம் வேலை பார்த்ததற்கான ஒரு பக்கச் சான்றிதழ். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை சாம்பிளிலிருந்து கடைசிவரை கவனித்துக்கொள்பவளாக இருந்தேன். கொரோனாவில் வெளிநாட்டு ஆர்டர்கள் வரிசையாக நின்றன. "நிலைமை சரியானதும் கூப்பிடறோம்" என்றார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை.

எனக்கும் பறவைகளுக்கும் அதற்குமுன் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கம்பெனி வேன் தினமும் நஞ்சராயன் குளத்தை ஒட்டித்தான் போகும். ஒன்பது வருடமும் அந்த நேரத்தில் போனில் மெயில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதே குளம் 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமானது, 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. செய்தியில் படித்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

அம்மா வீட்டில் எனக்குக் கொடுத்த அறையின் சன்னல் கிணற்றுப் பக்கம் பார்த்தது. கிணற்று மேட்டில் ஒற்றைப் பனை, அதன் ஓலைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள். விடிந்தும் விடியாமலும் அதிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பும். முதலில் 'ச்சிட் ச்சிட்' என்று ஒன்று ஆரம்பிக்கும், அப்புறம் எல்லாமாகச் சேர்ந்து 'சீ...' என்று மூச்சு வாங்குவது போல இழுக்கும். வேலை போனவளுக்குத் தூக்கம் ஒன்றுதான் மிச்சம், அதையும் கெடுக்கிறதே என்று சன்னலைச் சாத்தினேன். அம்மா காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "அதுக விடியறதுக்கு முந்தியே எந்திரிச்சு வேலைக்குப் போயிருதுக கண்ணு. நீ எட்டு மணிக்குச் சன்னலைச் சாத்தறே."

குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வரிதான் என்னை மறுநாள் காலை கிணற்று மேட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தது. பெரிய உந்துதல் எதுவும் இல்லை, ரோஷம் அவ்வளவுதான்.

உட்கார்ந்த மூன்றாவது நாளே ஒரு தப்பு செய்தேன். கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேங்காய் போடும் ஏணியைப் பனையில் சாய்த்தேன். நாலு படி ஏறுவதற்குள் பறவைகள் எல்லாம் கலைந்து எதிர்க் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலிக்குப் போய்விட்டன. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாமா (சொந்தம் ஒன்றும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் அவர் மாமாதான்) கிளுவை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டார்.

"ஏனம்மிணி, உன்ர வீட்டு ஓட்டைப் பிரிச்சு ஒருத்தன் எட்டிப் பாத்தா சும்மா இருப்பியா? எறங்கு மொதல்ல."

இறங்கினேன். அந்தப் பக்கத்து ஓலைகளுக்கு இரண்டு நாள் ஒரு குருவியும் வரவில்லை. அதிலிருந்து எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி, மரத்திலிருந்து முப்பது தப்படிக்கு இந்தப் பக்கம்தான் உட்காருவது. தினமும் ஒரே இடம், ஒரே கல். பளிச்சென்ற துப்பட்டா வேண்டாம். நாலைந்து நாளில் நாம் அங்கே கிடக்கும் இன்னொரு கல் என்று அவை முடிவு செய்துவிடும். அப்புறம் நீங்கள் தும்மினாலும் கவலைப்படாது. காலை ஆறிலிருந்து எட்டரை வரைதான் நல்ல நேரம். வெயில் ஏறிவிட்டால் நாமும் சோர்ந்துபோவோம், அவையும் வரப்புப் பக்கம் இரை தேடப் போய்விடும்.

பார்ப்பதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அக்கா மகனின் பாதி தீர்ந்த லாங் சைஸ் நோட்டு. மிச்சப் பக்கங்கள் வீணாகின்றனவே என்று எடுத்தேன். பனையைப் படம் போட்டு, தொங்கும் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு நம்பர் கொடுத்தேன். கம்பெனியில் ஸ்டைல் நம்பர் போட்டுப் பழகிய கை. தேதி, நேரம், காற்று, ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு வரி. ஒன்றும் நடக்கவில்லையென்றால் 'ஒன்றுமில்லை' என்றும் எழுதுவேன். யாராவது இதைத் தொடங்கினால் இந்த ஒன்றுமில்லை நாட்களை விட்டுவிட வேண்டாம் என்றுதான் சொல்வேன். பின்னால் திருப்பிப் பார்க்கும்போது அதிகம் பேசுவது அந்த வரிகள்தான்.

முதல் வாரம் முழுக்க நான் ஊர்க்குருவி என்று எழுதி வைத்திருந்தவை எல்லாம் பெண் தூக்கணாங்குருவிகள். தலையும் மார்பும் மஞ்சளாக, முகத்தில் கறுப்பு முகமூடி போட்டதுபோல் இருப்பவை மட்டும்தான் தூக்கணாங்குருவி என்று நினைத்திருந்தேன். அது இனப்பெருக்கக் காலத்து ஆண். மாமாதான் ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மஞ்சக்காரன் பூராம் ஆம்பளைங்க. அந்தப் பழுப்பு இருக்குதே, அது வந்தாத்தான் வேலை முடியும்" என்றார். எந்த வேலை என்று அவர் சொல்லவில்லை. அதை நானே பார்த்துத் தெரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆனது.

ஆண் குருவி பக்கத்துத் தோட்டத்துச் சோளப் பயிரில் உட்கார்ந்து, இலை ஓரத்தில் அலகால் ஒரு கடி கடிக்கும். கடித்த இடத்தைப் பற்றிக்கொண்டு அப்படியே பறக்கும். இலை நீளமான நாராகக் கிழிந்து அதன் கூடவே வரும். ஒரு நார் ஒரு சாணும் இருக்கும், சில நேரம் ஒரு முழத்துக்கு மேலும் இருக்கும். அதை ஓலை நுனியில் முடிச்சுப் போட்டு, முதலில் ஒரு வளையம். வளையத்தின் மேல் கூரை. இந்தக் கட்டத்தில் கூடு கவிழ்த்து வைத்த ஹெல்மெட் போல இருக்கும், குறுக்கே தாடைப் பட்டை மாதிரி நாரால் ஒரு பட்டை. மாமா இதை ஊஞ்சல் என்பார், நல்ல பெயர். முழுக்கூடு முடிய ஏறத்தாழ 18 நாள் ஆகும், அதில் இந்த ஊஞ்சல் வரை வருவதற்கு 8 நாள். ஒரு கூட்டுக்கு ஆண் குருவி 500 தடவை வரை நார் சுமக்கும் என்று பின்னால் படித்தேன். ஒருநாள் 7ஆம் நம்பரை மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 19 நடை.

ஆனால் ஊஞ்சலோடு அது நிறுத்திவிடும். அதில் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்துக் கத்தும். பழுப்பு வந்து உட்கார்ந்து, உள்ளே போய், ஒரு நாரை இழுத்துப் பார்த்து, திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அடுத்த கூடு. அங்கேயும் இழுத்துப் பார்க்கும். எதையாவது பிடித்துப் போய்த் தங்கினால்தான் ஆண் மறுபடி நார் கொண்டுவந்து முட்டை அறையை மூடி, கீழே நீளமான குழல் வைத்து முடிக்கும். பிடிக்காத கூடு அப்படியே தொங்கும். ஆண் பக்கத்திலேயே இன்னொன்று தொடங்கும்.

அந்தப் பெண் நாரை இழுத்துப் பார்த்துவிட்டுப் பறந்ததைப் பார்த்து நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். எனக்கு ஞாபகம் வந்தது ஆர்டர் கொடுக்கும் எங்கள் பையர்கள். சாம்பிளைக் கையில் எடுத்து, தோள் தையலை ஒரு இழு இழுத்துப் பார்த்து, 'கமெண்ட்ஸ் மெயிலில் அனுப்புகிறோம்' என்று போய்விடுவார்களே, அதே இழுப்பு!

சிரித்தேனே தவிர, அதில் எனக்கு ஒரு சேதி இருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை. அதே ஆகஸ்டில்தான் நான் என் பி.எஃப். பணத்தை எடுத்து, சந்தையிலிருந்து துணி வாங்கி, ஊரில் நாலு பெண்களைச் சேர்த்து, 600 நைட்டி தைத்தேன். தீபாவளிக்குள் விற்றுவிடும் என்று கணக்கு. துணி நல்ல துணி, தையலும் சுத்தம். தீபாவளி முடிந்தபோது விற்றிருந்தது 84. மற்றதெல்லாம் மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கார்த்திகை மழையில் கூடுகளும் விழுந்தன. ஒரு ராத்திரிக் காற்றில் மட்டும் மூன்று. அதில் ஒன்றில் முட்டை இருந்திருக்கிறது, காலையில் தரையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. இன்னொரு கூட்டுக்குள் கரட்டான் (ஓணான்) ஏறியதை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்தச் சீசன் முடிந்ததும் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். தொடங்கிய கூடுகள் 23. குழல் வைத்து முடித்தவை 9. குஞ்சு வெளியே வந்தது என்று உறுதியாக எழுத முடிந்தவை 5.

தூக்கணாங்குருவி படத்தைப் போட்டு 'விடாமுயற்சி' என்று வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் வரும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். 23இல் 14ஐ அது விட்டிருக்கிறது. கட்டிய கூட்டைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அது விடாதது கட்டுவதை, கூட்டை அல்ல. அன்றைக்குக் கட்டிலுக்கடியில் இருந்த மூட்டையைப் பார்த்தேன். ஒன்பது வருடம் நான் சம்பளம் வாங்கியதே ஒரு வேலைக்குத்தான்: சாம்பிள் ஓகே ஆகாமல் கட்டிங் டேபிளில் ஒரு மீட்டர் துணி விரிக்கக் கூடாது. அடுத்தவர் பணத்துக்கு அவ்வளவு கண்டிப்பாக இருந்தவள், என் பணம் என்று வந்ததும் சாம்பிளே போடாமல் நேராக பல்க்கில், மொத்தத் தையலில், இறங்கியிருக்கிறேன். குருவிக்குத் தெரிந்தது எனக்கு மறந்து போயிருந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலியைப் பற்றிப் படித்தேன். அக்கா மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது அவர் பெயர் வந்தது, அப்புறம் போனில் தேடினேன். சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டிருக்கிறார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு. அது என்ன குருவி என்று கேட்க மும்பையில் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனது 1908இல். செயலாளர் மில்லார்டு திட்டி அனுப்பாமல், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் திறந்து காட்டியிருக்கிறார். அவ்வளவுதான், ஒரு சந்திப்பு. அதற்கப்புறம் சலீம் அலிக்கு நேராக ஒன்றும் அமையவில்லை. பட்டம் இல்லை என்று அரசு வேலை கிடைக்கவில்லை. மியூசியத்தில் கிடைத்த வழிகாட்டி வேலையிலிருந்து விடுப்பில் ஜெர்மனி போய்ப் படித்துவிட்டு 1930இல் திரும்பி வந்தால், நிதி இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலையில்லாமல் கடலோரம் கிஹிம் என்ற ஊரில் போய் இருந்தபோது அவர் உட்கார்ந்து பார்த்தது எதை என்று நினைக்கிறீர்கள்? தூக்கணாங்குருவிக் கூடுகளைத்தான். ஒரே ஆண் ஒன்றுக்கு மேல் கூடு கட்டி, ஒன்றில் ஒரு பெண் குடியேறியதும் அடுத்ததைத் தொடங்கி, அடுத்த பெண்ணை அழைக்கிறது என்று அவர் எழுதியது அங்கே பார்த்ததை வைத்துத்தான். இதைப் படித்த ராத்திரி எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நான் சலீம் அலி ஆகப் போவதில்லை, அது தெரியும். வேலை போன இன்னொரு ஆளும் இதே குருவியைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது ஒரு துணை மாதிரி இருந்தது.

2021இல் குருவிகள் வரவில்லை.

ஜூன் போய் ஜூலை வந்தது. பனையில் போன வருடத்துக் கூடுகள் காய்ந்து தொங்கின, இரண்டில் சில்லைகள் என்ற வேறு வகைச் சிறு குருவிகள் குடியேறியிருந்தன. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், அந்த ஏணிதான் காரணம் என்று நினைத்தேன். மாமா கைகாட்டிய பக்கம் பார்த்தால் பக்கத்துத் தோட்டம் தரிசு. வாய்க்கால் தண்ணீர் முறை அந்த வருடம் அவர்களுக்குத் தோதாக வரவில்லை, சோளம் விதைக்கவில்லை. இலை இல்லாமல் நார் ஏது? கிணற்றோரம் ஐந்து சென்ட்டில் நான் தீவனச் சோளம் விதைத்தேன். அம்மா, "குருவிக்கு வெள்ளாமை பண்ற மொத ஆளு நீதான்" என்றார். சோளம் வளர்ந்தது, மாமாவின் ஆடுகள்தான் தின்றன. குருவி ஒன்றும் வரவில்லை. நோட்டில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று 41 நாள்.

அந்த வருடம் எனக்கும் அப்படித்தான் போனது. நைட்டியை விட்டுவிட்டு, பிறந்த குழந்தைக்கான ஜபலா தைக்க ஆரம்பித்திருந்தேன். இந்த முறை முதலில் மூன்றே மூன்று. நாலு துணிக்கடையில் காட்டினேன். ஒருவர் நாடா வேண்டாம் என்றார், ஒருவர் விலை அதிகம் என்றார், ஒருவர் கையில்கூட எடுத்துப் பார்க்கவில்லை. நாலாமவர் 200 பீஸ் கேட்டார். கொடுத்தேன். பணம் வரவில்லை. எட்டுத் தடவை போய்ப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். சாம்பிள் காட்ட வேண்டும் என்பதைக் குருவியிடம் கற்றேன், அட்வான்ஸ் வாங்க வேண்டும் என்பதை அது சொல்லித்தரவில்லை.

நடுவில் ஒரு நல்லது நடந்தது. 2022 பொங்கல் சமயம் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று ஒரு தோழி சொன்னாள். நம் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். கொறங்காட்டில் வெள்வேல மரங்களுக்கு நடுவே நின்று 11 வகை எழுதினேன். அதில் ஒன்றை அடையாளம் தப்பாகப் போட்டுவிட்டேன். சரிபார்ப்பவர் ஒருவர் மரியாதையாக எழுதிக் கேட்டார், "வால் எப்படி இருந்தது?" நான் வாலைப் பார்க்கவே இல்லை. அதிலிருந்து புதுப் பறவை என்றால் பெயரைத் தேடுவதற்குமுன் அலகு, கண்ணைச் சுற்றி, வால் மூன்றையும் எழுதிக்கொள்கிறேன். பெயர் அப்புறம் வரும். பைனாகுலர்கூட இன்றைக்கும் தோழியின் இரவல்தான். அது இல்லாமல் முதல் இரண்டு வருடம் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

2022 ஜூலையில் திரும்ப வந்தன. பனைக்கு இல்லை. கொறங்காட்டு மூலையில் ஒரு வெள்வேல மரம், கீழே பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் கிழக்குப் பக்கக் கிளைகளில் ஆறு ஆண்கள். மேற்கிலிருந்து அடிக்கும் ஆடிக் காற்று அங்கே படாது. அதில் ஒன்று கட்டியது கண்கொள்ளாக் காட்சி, சிரிப்புக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் ஓட்டை. வயதில் சிறியது போலிருக்கிறது, கட்டிக் கட்டித்தான் கை வரும். அதைவிட நன்றாக, அடர்த்தியாக ஒன்று தாழ்ந்த கிளையில் கட்டியிருந்தது. கட்டட வேலையில் அதற்கு நான் முதல் மார்க் போட்டேன். ஒரு பெண்ணும் அதைச் சீந்தவில்லை. உயரத்தில், முள் அடர்ந்த கிளையில் சுமாராகக் கட்டியவை இரண்டிலும்தான் முதலில் பெண்கள் குடியேறின.

பெண் தூக்கணாங்குருவி கூட்டின் நெசவைவிட அது இருக்கும் இடத்தைத்தான் அதிகம் பார்க்கிறது என்று ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். எனக்கு அது ஒரு தாழ்ந்த கிளையும் ஒரு ஜபலாவும் சேர்ந்து சொன்ன விஷயம். துணிக்கடைக்காரர்களிடம் பெரிய கம்பெனி ஜபலா அட்டைப் பெட்டியில் அடுக்கியிருக்கும், நான் என்னதான் தைத்தாலும் அங்கே தாழ்ந்த கிளைதான். பிறந்த குழந்தைக்குத் துணி அவசரமாக வேண்டியது எங்கே? பிரசவ ஆஸ்பத்திரி வாசலில். அடுத்த வாரம் ஒரு ஆஸ்பத்திரி எதிரே இருந்த மருந்துக் கடையில் ஆறு ஜபலாவும் ஒரு துண்டும் சேர்த்துக் கட்டிய மூன்று பாக்கெட் வைத்தேன், விற்றால் காசு என்று. நாலாம் நாள் போன் வந்தது, "அக்கா, இன்னும் பத்து கொண்டாங்க."

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு மருந்துக் கடை வேண்டாம் என்றன, ஒன்று மூடியே போனது. இப்போது ஐந்து கடை, மூன்று மெஷின், அந்த நாலு பெண்களில் இரண்டு பேர் என்னோடு. பழைய நைட்டிகளை அறுத்து உள்ளே வைத்துத் தைக்கும் பட்டியாக்கித் தீர்த்தேன். மீதி அம்மா உடுத்துகிறார், ஆயுசுக்கும் உடுத்துவார்.

காலையில் போகிறேன், இப்போதும் அதே நோட்டுப் பழக்கம்தான், நாலாவது நோட்டு. பார்க்க வருகிறோம் என்று சிலர் கேட்கிறார்கள். குஞ்சு இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், தாய் இரையோடு வந்து நம்மைப் பார்த்துத் திரும்பிப் போகும். போனில் குருவிச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதும் கூடாது. சாலையோரக் கடைகளில் அலங்காரத்துக்குக் கூடு விற்கிறார்களே, அதையும் வாங்காதீர்கள். காய்ந்த கூடுதானே என்பார்கள். காய்ந்த கூட்டில் சில்லை இருக்கும் என்று 2021இல் பார்த்துவிட்டேன்.

இந்த ஆடியில் 4ஆம் நம்பர் ஊஞ்சலுக்கு ஒரு பழுப்பு வந்தது. உட்கார்ந்தது, உள்ளே போனது, ஒரு நாரை இழுத்தது, போய்விட்டது. ஆண் கொஞ்ச நேரம் கத்திவிட்டுச் சோளத்துக்குப் பறந்தது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. புதிதாகச் சாம்பிள் கொடுத்திருந்த கடைக்காரம்மா.

"கண்ணு, கழுத்து கொஞ்சம் இறுக்கமா இருக்குது. அரை இஞ்சு எறக்கி இன்னொண்ணு போட்டுக் காட்டேன்."

"சரிங்கம்மா, நாளைக்கு வருது" என்றேன்.